நூற்றி இருபது காலர்

வீட்டுக்கு மஞ்சள், கடைக்கு நீலம்,
பட்டறைக்கு ஊதா,
ஏரி இருந்த இடத்துக்கு
இன்னமும் ஏரியின் நிறம்.
இதற்கு என்ன நிறம் சார் என்றேன்.
கவுன்சிலர் சிரித்தார்:
சிவப்புதான், இதைக் கேட்கணுமா?
சிவப்பைப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்
எப்போதோ கொடுத்தாயிற்று என்று
நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

டீ வந்தது.
ஒதுக்கினால் ஊர் சுத்தமாகும் என்றார் ஒருவர்.
ஒதுக்கினால் ஒப்புக்கொண்டதாகும் என்றார் இன்னொருவர்.
ஊசி, மாத்திரை, அட்டை,
ஓரிடத்தில் இருந்தால் கணக்கெடுக்க எளிது
என்றார் டாக்டரம்மா.
அதற்குள் பென்சில்
குப்பைக் கிடங்குக்கும் மாட்டுத்தொட்டிக்கும் நடுவே
போய் நின்றிருந்தது.
யாரும் அங்கே நகர்த்தச் சொல்லவில்லை.
என் கைதான்.

பிறகு அவர்களைக் கூப்பிட்டார்கள்.
ஆறு பேர். நாலு பேர் கன்னடத்தில் பேசிக்கொள்வார்கள்.
மற்ற இருவருக்காக
நீ தமிழன்தானே, சொல்லு, என்றார் கமிஷனர்.
ஸ்கேலைக் கீழே வைத்தேன்.

பாக்யம் என்பவள் எழுந்தாள்.
"கொடுங்க. வேணும்.
மெஜஸ்டிக் சுரங்கப்பாதையில ராத்திரிக்கு
லத்திக்கு இருநூறு, ஆட்டோக்காரனுக்கு நூறு,
மிச்சம் இருந்தா எனக்கு.
ஒரு கதவு குடுங்க.
தாழ்ப்பாள் உள்பக்கமா இருக்கணும்.
எழுதிக்கிறீங்களா? உள்பக்கமா."
எழுதினேன்.
தாழ்ப்பாளுக்கு வரைபடத்தில் குறியீடு இல்லை.

அடுத்தவள் எழுந்திருக்கவில்லை.
"கோடு போட்டீங்கன்னா
அதுக்குள்ள கால் வைக்கிறவ எல்லாம் அதுதான்.
நான் அங்க குடியிருக்கிறவ இல்ல சார்.
வர்றவ, போறவ.
கருவேப்பிலை வாங்கும்போது நான்
கருவேப்பிலை வாங்குறவ.
பிள்ளைக்கு ஃபீஸ் கட்டும்போது
வரிசையில பதினாலாவது ஆளு.
தொழில் நாலு மணி நேரம்.
மிச்ச இருபதை
உங்க பேப்பர்ல எங்க வைப்பீங்க?"

தொழில் என்பதற்குக் கன்னடத்தில்
எனக்குத் தெரிந்தவை மூன்று.
ஒன்று துப்புவது. ஒன்று சட்டத்தில் இருப்பது.
ஒன்று ஆணுறைப் பெட்டியின் மேல் அச்சடித்தது.
மூன்றையும் விட்டுவிட்டு
கெலச என்றேன், வெறும் கெலச.
எந்தக் கெலச என்றார் கமிஷனர்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
அவளும் பார்த்தாள், ஒரே ஒரு தடவை,
குமாஸ்தாவைப் பார்க்கிற மாதிரி.

மாரிகுப்பம் பாசஞ்சரில்
ஒன்பது வருஷமாக எதிர் சீட் அவள்.
அற்புதமேரி.
அவள் அப்பாவும் என் அப்பாவும்
ஒரே கூண்டில் தங்கத்துக்குக் கீழே இறங்கினவர்கள்.
சுரங்கம் மூடினபின் எங்கள் ஊரில்
சயனைட் மேட்டிலிருந்து காற்று மட்டும்தான்
வேலைக்குப் போகாமல் வீட்டுக்கு வருகிறது.
மிச்சப் பேருக்கு விடிவதற்கு முன்னால் ரயில்.
எங்கள் பெட்டிக்கு அவள்
பீன்யா கார்மெண்ட்ஸ் மேரி.

கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள்.
பென்சில் கோட்டை அழித்தேன்.
அழித்த தடம் தெரிந்தது,
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்.

சாயங்கால வண்டியில்
கே.ஆர்.புரம் தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது.
எதிரில் அவள்.
கடலைப் பொட்டலம் கைமாறிக்கொண்டிருந்தது.
இன்னிக்கு எத்தனை பீஸ் மேரி,
கேட்டாள் பங்காருபேட்டையில் இறங்குகிறவள்.
"நூத்தி இருபது காலர்" என்றாள்.
கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்,
ஊசி ஏறிடுச்சு என்று.
விரலில் நிஜமாகவே காயம் இருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பி,
பொட்டலத்தை நீட்டி,
"உங்க ஆபீஸ்ல என்னண்ணே நடக்குது?"
ரோடு அகலப்படுத்துறாங்க என்றேன்.
"யார் வீடு போகுது?"
ஒரு கடலையை உரித்தேன்.
சொத்தை. இன்னொன்றை எடுத்தேன்.
இன்னும் முடிவாகலை என்றேன்.